ரெண்டு மலையும் நடுவுல சூரியனும்: டர்பன் ஆர்ட் டீச்சர் அதை ஏன் வேண்டாங்கறாங்க?

கோயம்புத்தூர்ல இருந்து தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு மாறி வந்து எட்டு மாசம், பொண்ணுக்கு எட்டு வயசு, கிரேடு 3, ஊர்ல டிராயிங் கிளாஸ் போய் சீனரியெல்லாம் அச்சு மாதிரி வரைவா, ரெண்டு போட்டில பரிசு கூட வாங்கியிருக்கா, இங்க வந்ததுல இருந்து ஸ்கூல் ஆர்ட் டீச்சர் அதை வரையவே விடறதில்ல, களிமண்ணு, பழைய டப்பா, ஷூ, இலைன்னே வருஷம் ஓடுது, போன வாரம் ஒரு ஷீட் முழுக்க கறுப்பா அடிச்சு வீட்டுக்கு எடுத்துட்டு வந்திருக்கா, அந்த டீச்சருக்கு நிஜமாவே வரையத் தெரியுமா, பொண்ணோட திறமை மழுங்கிடுமா, தனியா கிளாஸ்ல சேக்கணுமான்னு கேட்டிருக்கீங்க தம்பி. பாக்க நாலு கேள்வி மாதிரி இருக்கு, ஆனா எனக்குப் படிக்கறப்போ ஒண்ணுதான் தெரிஞ்சுது: பிரேம் போட்டு மாட்டற மாதிரி எதுவும் வீட்டுக்கு வரலியே, அப்போ அந்த ரூம்ல ஏதாவது சொல்லிக்குடுக்கறாங்களா இல்ல சும்மா நேரத்தைக் கழிக்கறாங்களா. அதுக்குத்தான் பதில் சொல்லப் பாக்கறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் கும்பகோணம் ஃபைன் ஆர்ட்ஸ் காலேஜ்ல பெயின்டிங் படிச்சவ, கல்யாணம் ஆகி 2004-ல இங்க வந்தேன், சர்டிபிகேட்டெல்லாம் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடற சாக்வாவுக்கு அனுப்பி, இங்க ஒரு பி.எட். முடிச்சு, டீச்சருங்க பதிவு பண்ற சேஸ்ங்கற கவுன்சில்ல பதிவு பண்ணி, டர்பன்ல சாட்ஸ்வர்த்ங்கற ஏரியாவுல ஒரு பிரைமரி ஸ்கூல்ல பதினேழு வருஷமா ஆர்ட் எடுக்கறேன். வீட்டுக்காரர் குடும்பம் அஞ்சு தலைமுறையா இங்கதான், அவருக்கு தமிழ்ன்னா கோயில் பாட்டு வரைக்கும்தான், அதனால தமிழ்ல பேச ஆள் கிடைச்சா நான் நிறுத்தறதில்லன்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க. உங்க டீச்சரை நான் பாத்ததில்ல, உங்க பொண்ணு வரைஞ்சதையும் பாத்ததில்ல. நான் சைக்காலஜிஸ்ட்டும் இல்ல, கை விரல் பயிற்சி பாக்கற தெரபிஸ்ட்டும் இல்ல. கிளாஸ்ல முப்பத்தெட்டு, நாப்பது பசங்களை வச்சுக்கிட்டு என்ன நடக்கும்னு தெரியும், அவ்வளவுதான்.

முதல்ல கணக்கை நேர் பண்ணிக்கலாம், ஏன்னா வாரத்துக்கு ரெண்டு மணி நேரம் வரைய வைக்கறாங்கன்னு எழுதியிருந்தீங்க. இங்க கவர்ன்மென்ட் பாடத்திட்டத்துக்கு கேப்ஸ்னு பேரு, சின்ன கிளாஸுங்களுக்கு 2012-ல வந்துச்சு. அதுல ஆர்ட்டுன்னு தனி சப்ஜெக்ட்டே கிடையாது, லைஃப் ஸ்கில்ஸ்னு ஒண்ணு இருக்கே, கிரேடு 3-ல வாரத்துக்கு 7 மணி நேரம், அதுக்குள்ள கிரியேட்டிவ் ஆர்ட்ஸுக்கு 2 மணி நேரம். அந்த ரெண்டு மணி நேரத்துல பாட்டு, டான்ஸ், நாடகம் எல்லாம் அடக்கம், அதனால கையால செய்யற வேலைக்கு கிடைக்கறது சுமாரா ஒரு மணி நேரம். அடுத்த வருஷம் கிரேடு 4 போனதும் அது மொத்தமா ஒண்ணரை மணி நேரமா குறைஞ்சிடும், அதையும் பாட்டு நடிப்போட பங்கு போட்டுக்கணும். அந்த ஒரு மணி நேரத்துலயும் ஏப்ரன் மாட்ட, பேப்பர் குடுக்க பத்து நிமிஷம், பிரஷ் கழுவ பத்து நிமிஷம், குழாய்ல தண்ணி வரலன்னா ஜோஜோன்னு இங்க சொல்ற தண்ணி டாங்க்ல இருந்து பக்கெட்ல தூக்கிட்டு வர இன்னும் அஞ்சு நிமிஷம். மிச்சம் இருக்கறதுதான் கிளாஸ். கணக்கு நேரத்தை ஆர்ட் தின்னுடுதுன்னு பயப்படறதுக்கு அங்க அவ்வளவு நேரமே கிடையாது.

இன்னொண்ணு, தனியா ஒரு ஆர்ட் டீச்சர் இருக்கறதே இங்க பெரிய விஷயம். கிரேடு 3 வரைக்கும் எல்லா பாடத்தையும் கிளாஸ் டீச்சரே எடுக்கறதுதான் வழக்கம். ஃபீஸ் வாங்கற ஸ்கூல்கள்ல எஸ்ஜிபின்னு பெத்தவங்க இருக்கற நிர்வாகக் குழு ஒண்ணு உண்டு, 1996-ல வந்த ஸ்கூல் சட்டத்துல இருந்து இருக்கு, அவங்க ஃபீஸ் காசுல தனியா ஒருத்தருக்கு சம்பளம் குடுத்து வச்சாத்தான் உண்டு. உங்க டீச்சர் அப்படி வந்தவங்களாத்தான் இருக்கணும்னு நினைக்கறேன். ஃபீஸ் இல்லாத ஸ்கூல்கள்ல கிளாஸ் டீச்சரே ராத்திரி உக்காந்து பழைய பேப்பரும் முட்டை அட்டையும் சேத்து ஒப்பேத்தறாங்க, அவங்க முன்னாடி நானெல்லாம் சொகுசுல இருக்கறவ.

இப்போ அந்த சீனரிக்கு வருவோம். ரெண்டு முக்கோண மலை, நடுவுல பாதி சூரியன், மலைல இருந்து வளைஞ்சு வர்ற ஆறு, ஒரு ஓட்டு வீடு, பக்கத்துல தென்னை மரம், மேல நாலு காக்கா. நம்ம ஊர்ல பொறந்த எல்லாருக்கும் தூக்கத்துல கூட வரும், எனக்கும் வரும், சேலத்துல வளந்தவனும் வரைவான், மலையையே பாக்காத தஞ்சாவூர்க்காரனும் வரைவான், அதுதான் விஷயமே. உங்க பொண்ணு வரைஞ்ச மலை அவ பாத்த மலை கிடையாது, பாத்திருந்தா வெள்ளியங்கிரி அப்படி முக்கோணமா இருக்காதுன்னு அவளுக்கே தெரியும். அது கையெழுத்து மாதிரி, ஒரு தடவை பழகிட்டா கண்ணு தேவையில்லாம கை தானா போடும். விக்டர் லோவன்ஃபெல்ட்னு ஒருத்தர், ஆஸ்திரியாவுல இருந்து அமெரிக்கா போனவர், 1947-ல குழந்தைங்க வரையறது எப்படிப் படிப்படியா வளருதுன்னு எழுதினார். ஏழுல இருந்து ஒன்பது வயசு வரைக்கும் பிள்ளைங்களுக்கு மனுஷன்னா இப்படி, மரம்னா இப்படின்னு ஒரு அச்சு உருவாகிடும், தரைன்னா கீழ ஒரு கோடு, வானம்னா மேல ஒரு பட்டை, வீட்டுக்குள்ள இருக்கறதெல்லாம் சுவர் வழியா தெரியும்னு அவர் சொன்னதை நான் வருஷா வருஷம் என் கிளாஸ்ல பாக்கறேன். ஆனா அவர் காட்டின குழந்தை தானா ஒரு அச்சைக் கண்டுபிடிக்குது, சீனரியோ கடைல வாங்கின அச்சு. காப்பி அடிக்கறதும், புத்தகத்துல கோட்டுக்குள்ள கலர் அடிக்கறதும் பிள்ளையைக் கெடுத்துடும்னு அவர் உறுதியா நம்பினார், உலகம் பூரா ஆர்ட் டீச்சருங்க அதைத்தான் படிச்சுட்டு வந்தோம்.

இங்க நான் கொஞ்சம் நிறுத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா உங்க டீச்சர் பக்கம் மட்டும் பேசற மாதிரி ஆயிடக் கூடாது. காப்பி அடிக்கறது கெடுதல்ங்கறது எல்லாரும் ஒத்துக்கிட்ட விஷயம் கிடையாது. ப்ரென்ட் வில்சன், மார்ஜரி வில்சன்னு ஒரு தம்பதி 1977-ல லோவன்ஃபெல்ட் சொன்னதுக்கு நேர் எதிரா எழுதினாங்க, பிள்ளைங்க வரையக் கத்துக்கறதே மத்த படங்களைப் பாத்துத்தான், காமிக்ஸ், டிவி, பக்கத்து பெஞ்சு பையன் வரைஞ்சது, இதெல்லாம்தான் மூலம்னு. எனக்கு என்ன தோணுதுன்னா, ரெண்டும் பாதி பாதி உண்மை. ஜப்பான் கார்ட்டூன் கண்ணைப் பாத்துப் பாத்து வரையற பிள்ளைங்க கிளாஸ்ல நாலு பேராவது இருப்பாங்க, அவங்க கை நல்லா திரும்பும், அதை நான் தடுக்கறதில்ல. சீனரிய சுத்தமா வரையக் கூடாதுன்னு உங்க டீச்சர் சொல்லியிருந்தா அது எனக்குக் கொஞ்சம் அதிகமாப் படுது. அந்தப் பிள்ளைக்கு அது ஊரு, தாத்தா வீடு, பரிசு வாங்கின நாள், எல்லாம் அந்த ஒரு படத்துல இருக்கு. நானா இருந்தா வரைய விட்டுட்டு, உன் தாத்தா வீட்டுக்கு எத்தனை ஜன்னல், யாரு வாசல்ல உக்காந்திருக்கான்னு கேப்பேன், மலை தானா நகர்ந்துடும்.

இதைச் சொல்ற தகுதி எனக்கு ரொம்ப அசிங்கப்பட்டுதான் வந்துச்சு. வந்த புதுசுல நான் போர்டுல ஒரு மயில் போடுவேன், முதல்ல முட்டை மாதிரி ஒரு வட்டம், அப்புறம் கழுத்து, அப்புறம் தோகைன்னு ஒவ்வொரு படியா, பசங்க அப்படியே போடுவாங்க, முப்பத்தெட்டு மயில், பிரின்சிபல் வந்து பாத்துட்டு ஸ்டாஃப் ரூம்ல எல்லார் முன்னாடியும் பாராட்டினார். ஓப்பன் டே அன்னைக்கு ப்ரெஸ்டிக்ங்கற ஒட்டற பசை உருண்டை வச்சு சுவர் பூரா ஒட்டியிருந்தேன். பெத்தவங்களைக் கூட்டிட்டு பசங்க உள்ள வந்தாங்க, வந்து நின்னாங்க, ஒருத்தருக்கும் எது தன்னோட மயில்னு தெரியல. ஒரு பொண்ணு ஒவ்வொரு ஷீட்டா ஓரத்தைத் தூக்கி பின்னாடி பேர் இருக்கான்னு பாத்துட்டே போனா, அவ அம்மா பொறுமையா பின்னாடி நடந்தாங்க. பேரை மறந்து ஒட்டினது ரெண்டு மூணு இருந்துச்சு, அதுக்கு சொந்தக்காரங்களே கிடைக்கல. அந்த டிசம்பர் லீவுலதான் நான் எல்லாத்தையும் மாத்தி எழுதினேன்.

மாத்தினதுல முதல் வேலை ஷூ. ஜனவரில ஸ்கூல் திறந்த ரெண்டாவது வாரம், ஆளுக்கு ஒரு கறுப்பு ஷூவைக் கழட்டி டெஸ்க் மேல வைக்கணும், இங்க எல்லாருமே பெரும்பாலும் டஃபீஸ்ங்கற கம்பெனி ஸ்கூல் ஷூதான், எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே டிசைன். கோக்கின்னு இங்க சொல்ற ஸ்கெட்ச் பேனால, ரப்பர் கிடையாது, பேப்பரைப் பாக்கறதை விட ஷூவை அதிகமாப் பாத்து மெதுவா கோடு போடணும், எறும்பு ஒண்ணு ஷூ ஓரமா ஊர்ந்து போற மாதிரி கண்ணு போகணும், கண்ணு போற வேகத்துல கை போகணும். முதல்ல எல்லாரும் வாழைப்பழம் மாதிரி ஒண்ணு போட்டுட்டு முடிஞ்சுது மேம்னு எந்திரிப்பாங்க. லேஸ் ஓட்டை எத்தனை, எந்தப் பக்கம் குதிகால் தேஞ்சிருக்கு, மடிப்பு எங்க விழுந்திருக்குன்னு கேட்டா திரும்ப உக்காருவாங்க. அதே ஷூவை, இல்ல அதுக்கு அடுத்து வாங்கின ஷூவை, நவம்பர்ல மறுபடியும் வரைவாங்க, ரெண்டையும் சேத்து ஃபைல்ல வைப்பேன். என் புரோகிராம்னு பெருசா சொல்லிக்கறதுல பாதி இதுதான், ஒரே சாமானுக்குத் திரும்பத் திரும்ப வர்றது. இதுலயும் ஒரு அடி வாங்கினேன்: ஒரு பையன் ஷூவைக் கழட்டவே மாட்டேன்னு அழுதான், அப்புறம்தான் தெரிஞ்சுது சாக்ஸ்ல பெரிய ஓட்டை. அதுல இருந்து ஒரு பெட்டி நிறைய பழைய ஷூ, செருப்பு, ஒரு கம்பூட் (மழைக்குப் போடற ரப்பர் பூட்) கூட என் அலமாரில இருக்கு, யார் வேணும்னாலும் அதுல இருந்து எடுத்துக்கலாம். அதே மாதிரி அரிசி, பருப்பு, மாவு ஒட்டற வேலை எதுவும் என் ரூம்ல கிடையாது, பிரேக்ல ஸ்கூல் சாப்பாட்டை நம்பி வர்ற பிள்ளை இருக்கற இடத்துல சாப்பாட்டைப் பசை போட்டு ஒட்டறது எனக்கு ஒப்பல, வேற டீச்சருங்க செய்யறாங்க, அது அவங்க இஷ்டம்.

கலருக்கு வந்தா, நான் பவுடர் பெயின்ட் நாலுதான் வாங்கறேன், சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை. மிச்சமெல்லாம் அவங்களே கலக்கணும். இங்க ஒரு பழக்கம் இருக்கு, பசங்க பக்கத்துல இருக்கறவன்கிட்ட ஸ்கின் கலர் குடுன்னு கேப்பாங்க, கேக்கறது அந்த வெளிறின ரோஸ் கிரேயானை, கேக்கற பிள்ளை கறுப்பா இருக்கும், குடுக்கற பிள்ளை அதைவிட கறுப்பா இருக்கும். இந்த நாட்டுல அதைக் கேட்டுட்டு சும்மா இருக்க முடியல. அதனால ரெண்டாவது டெர்ம்ல ஒரு நாள் கிளாஸ் முழுக்க கை கலர் மட்டும்தான். சிவப்பும் மஞ்சளும் சேத்து ஆரஞ்சு, அதுல ஒரு துளி நீலம், பிரவுன் வந்துடும், அப்புறம் கொஞ்சம் மஞ்சளா, கொஞ்சம் வெள்ளையா, கையில ஒரு புள்ளி வச்சுப் பாத்து, கரையற வரைக்கும் மாத்தணும். புள்ளி தோல்ல காணாமப் போச்சுன்னா ஜெயிச்சாச்சு. எல்லாரும் முதல்ல வெள்ளையத்தான் அதிகமா ஊத்துவாங்க, அப்புறம் அதைச் சரி பண்ண அரை மணி நேரம் ஆகும். வீட்டுக்குக் கொண்டு போறது ஒரு அட்டைல அஞ்சாறு பிரவுன் தீட்டல், அவ்வளவுதான், பெத்தவங்க அதைப் பாத்துட்டு இதுக்கா ஃபீஸ் கட்டறோம்னு நினைக்கறது எனக்கு நல்லாவே தெரியும்.

களிமண்ணு பத்தி நீங்க கொஞ்சம் கோவமாவே எழுதியிருந்தீங்க, டிரெஸ்ஸெல்லாம் சேறுன்னு, அது நியாயம்தான், ஒரு பழைய டீ ஷர்ட் குடுத்தனுப்புங்க. ஆனா எனக்குத் தெரிஞ்சு எட்டு வயசுக்கு களிமண்ணு மாதிரி நேர்மையான வாத்தியார் கிடையாது. யானைக்குத் தும்பிக்கையை சும்மா அமுக்கி ஒட்டினா அன்னைக்கு நிக்கும், காயும்போது மண்ணு சுருங்கும், ரெண்டு துண்டும் வேற வேற அளவுல சுருங்கும், திங்கக்கிழமை வந்து பாத்தா தும்பிக்கை தரையில கிடக்கும். ரெண்டு பக்கமும் கீறி, கூழ் மாதிரி கரைச்ச மண்ணைத் தடவி, அழுத்தி ஒட்டினாத்தான் நிக்கும். இதை நான் வாயால நூறு தடவை சொன்னாலும் ஏறாது, ஒரு தடவை தும்பிக்கை விழுந்தா ஏறிடும். இங்க பிப்ரவரி மார்ச்ல இருக்கற புழுக்கத்துல எதுவும் காயாது, பூஞ்சைதான் பிடிக்கும், அதனால நான் மண்ணு வேலையை ஜூன் பக்கம்தான் வச்சுக்கறேன். கட்டை விரலால குழி பண்ணி அகல் விளக்கு செய்யச் சொன்னா நம்ம பிள்ளைங்க டக்குன்னு தீபாவளிங்கறாங்க, அதே மண்ணை கயிறு மாதிரி உருட்டி சுத்திச் சுத்தி அடுக்கினா ஜூலு பிள்ளைங்க கோகோ வீட்டு உகாம்பாங்கறாங்க, கோகோன்னா பாட்டி, உகாம்பான்னா அவங்க பீர் ஊத்திக் குடிக்கற கறுப்புப் பானை. சக்கரம் இல்லாம கையாலயே சுத்தி எடுக்கற பானை அது, சுட்டுக் கறுப்பாக்குவாங்க. ஒரே மேஜைல ரெண்டும் காயும்.

கோலமும் எடுப்பேன், கேட்டா சிரிப்பீங்க, ஏன்னா நானே இப்பதான் காப்பி அடிக்கறதைத் திட்டினேன். புள்ளிக் கோலம் ஒரு அச்சுதானேன்னு கேக்கலாம், ஆனா புள்ளியை மட்டும் குடுத்துட்டு, கோடு எந்தப் புள்ளி மேலயும் படக் கூடாது, எல்லாப் புள்ளியையும் சுத்தி வரணும், ஆரம்பிச்ச இடத்துலயே முடியணும்னு சொல்லிட்டா ஆளுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கறாங்க. சட்டம் ஒண்ணு, விடை நாப்பது. அடுத்த வாரம் எஸ்தர் மலாங்கு வரைஞ்ச சுவர் படத்தைக் காட்டுவேன், ந்டெபேலேன்னு இந்த நாட்டு இனத்தைச் சேந்த பாட்டி, 1935-ல பொறந்தவங்க, சின்ன வயசுல அம்மா பாட்டிகிட்ட கத்துக்கிட்டு, ஸ்கேல் இல்லாம கோழி இறகால நேர்கோடு போடறவங்க, 1991-ல ஒரு பிஎம்டபிள்யூ காரையே அந்த டிசைன்ல வரைஞ்சாங்க. கார்னதும் பசங்க முழிச்சுக்குவாங்க. ஒரு வருஷம் ஒரு ஜூலு பொண்ணு என் கோலத்தைப் பாத்துட்டு, பாட்டி மணி கோக்கற மாதிரி எண்ணிப் பாத்து, மேம் இந்த வரிசைல ஒரு புள்ளி கம்மின்னா. நிஜமாவே கம்மிதான். கும்பகோணத்துக்காரிக்கு மார்கழிக் கோலத்துல தப்பு கண்டுபிடிச்சது ஒரு எட்டு வயசு.

இப்போ நம்பலாமா வேண்டாமாங்கற விஷயங்கள். ஆர்ட் பண்ணா கணக்குல மார்க் ஏறும்னு ஸ்கூல் நோட்டீஸ்ல போடுவாங்க, நானே கூட ஒரு காலத்துல பட்ஜெட் கேக்கறப்போ சொல்லியிருக்கேன். ஹார்வர்டுல ப்ராஜெக்ட் ஜீரோன்னு ஒரு குழு, எலன் வின்னர், லோயிஸ் ஹெட்லண்ட்னு ரெண்டு பேர், அதுவரைக்கும் வந்த ஆய்வையெல்லாம் திரட்டி 2000-ல பாத்தப்போ, கிளாஸ்ல நாடகம் போட்டா பேச்சும் வாசிப்பும் வளருதுங்கறது மாதிரி ஒண்ணு ரெண்டுக்கு நல்ல ஆதாரம் கிடைச்சுது, படம் வரைஞ்சா படிப்புல மார்க் ஏறும்ங்கறதுக்கு காரண காரியமா ஆதாரம் கிடைக்கல. அதனால நான் இப்போ அதைச் சொல்றதில்ல. கத்தரிக்கோல் பிடிக்கறது, பசை அளவா தடவறது, ஒண்ணு கெட்டா தூக்கிப் போடாம அதுல இருந்தே வேற ஒண்ணு செய்யறது, உத்துப் பாக்கறது, இதெல்லாம் வருது, இது என் கண்ணால பாத்தது, அதுக்கு மேல வாக்குக் குடுக்க மாட்டேன். அதே மாதிரி கறுப்பு கலர் அடிச்சா மன அழுத்தம், கையில்லாம ஆளை வரைஞ்சா பயம்னு வாட்ஸப்ல வர்றதையெல்லாம் விட்டுடுங்க. மனுஷன் படம் வரையச் சொல்லி புத்தியை அளக்கற டெஸ்ட் 1926-லயே வந்துச்சு, ஆனா ஒரு படத்தை வச்சு ஒரு பிள்ளை மனசைப் படிக்கறது ரொம்ப பலவீனமான வேலை. பிள்ளை தூங்கல, சாப்பிடல, ஸ்கூல் போக அழுவுதுன்னா அது வேற, அப்போ படம் என்ன கலர்ல இருந்தாலும் யாரையாவது பாக்கணும். பென்சிலை ரொம்ப இறுக்கிப் பிடிச்சு சீக்கிரம் கை வலிக்குதுங்கறான்னா ஸ்கூல் மூலமா தெரபிஸ்ட்கிட்ட காட்டணும், என்கிட்ட வர வேண்டியதில்ல.

டீச்சருக்கு வரையத் தெரியுமான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? அவங்க வரைஞ்சதைப் பாத்துத் தெரியாது, நான் நல்லாவே வரைவேன், அந்த மயில் வருஷம் நான் மோசமான டீச்சர். அடுத்த ஓப்பன் டேக்கு ரூமுக்குள்ள போய் சுவரைப் பாருங்க. முப்பது படமும் ஒரே மாதிரி இருந்தா யோசிக்கணும், கெட்டிக்காரப் பிள்ளைங்க அஞ்சு பேரோடது மட்டும் தொங்கினாலும் யோசிக்கணும், எல்லாத்துலயும் ஒரு பெரியவங்க கை திருத்தின கோடு தெரிஞ்சா இன்னும் அதிகமா. வாரா வாரம் போட்டோகாப்பி எடுத்த படத்துக்கு கலர் அடிக்க வச்சா, இல்ல கன்ட்ரோல் டெஸ்ட்ங்கற பரீட்சை வரும்போதெல்லாம் ஆர்ட் பீரியட் காணாமப் போனா, அப்போ நீங்க பேசலாம். நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா மண்ணு, ஷூ, இலைன்னு ஒரு வரிசை இருக்கற மாதிரித்தான் எனக்குத் தெரியுது. நேரா போய், ஏன் சீனரி வேண்டாம்னீங்கன்னு ஆரம்பிக்காம, வருஷ ஆரம்பத்துல இருந்து அவ பண்ணினதெல்லாம் ஒரு ஃபைல்ல இருக்கா மேம், பாக்கலாமான்னு கேளுங்க, ஃபைல் வச்சிருக்கற டீச்சர் அதைக் காட்டறப்போ அவங்க மூஞ்சியே சொல்லிடும். ரிப்போர்ட்டை நம்பாதீங்க, கிரேடு 3 வரைக்கும் லைஃப் ஸ்கில்ஸுக்கு மொத்தமா ஏழுக்கு ஒரு நம்பர்தான் பெரும்பாலும் வரும், அதுல ஆர்ட் எங்க இருக்குன்னு எனக்கே தெரியாது. இன்னொண்ணு, வருஷா வருஷம் ஸ்கூல் பட்ஜெட்டை பெத்தவங்க மீட்டிங்ல வச்சுத்தான் பாஸ் பண்ணணும், அங்க போய் ஆர்ட் சாமானுக்கு எவ்வளவுன்னு ஒரு கேள்வி கேளுங்க, உங்க டீச்சர் ஆயுசுக்கும் உங்களுக்குக் கும்பிடு போடுவாங்க.

தனி கிளாஸ் சேக்கலாமான்னா, இப்போ அவசரமில்லன்னுதான் சொல்லுவேன், ஆனா அவளே ஆசைப்பட்டா தடுக்கவும் வேண்டாம். ஒன்பது பத்து வயசு தாண்டினதும் பிள்ளைங்களுக்கு தான் வரையறது நிஜம் மாதிரி இல்லன்னு தானாவே தெரிய ஆரம்பிக்கும், எனக்கு வராதுன்னு பென்சிலைக் கீழ வைக்கற வயசு அது, நிறைய பேர் அதுக்கப்புறம் எடுக்கறதே இல்ல. அப்போதான் அளவு, நிழல், தூரம் கிட்டம் இதெல்லாம் கத்துக்குடுத்தா நிஜமா உதவும், அப்போ ஒரு நல்ல கிளாஸ் பாத்து சேருங்க. திறமை மழுங்குமான்னு கேட்டீங்க, அந்த சீனரி கைல இருந்து எங்கயும் போகாது தம்பி, எனக்கு அம்பது வயசாகுது, இன்னும் போகல.

கடைசியா அந்தக் கறுப்பு ஷீட். நீங்க அதைத்தான் ரொம்ப கவலையா எழுதியிருந்தீங்க, அவகிட்ட கேட்டா இன்னும் முடியல அப்பான்னு மட்டும் சொன்னான்னு. தூக்கிப் போடலியே? வெளிச்சத்துல சாய்ச்சுப் பாருங்க, மேல மெழுகு மாதிரி கொஞ்சம் மினுமினுப்பு இருந்தா, எனக்கு முக்கால்வாசி நிச்சயம், அடியில முழுக்க மஞ்சளும் சிவப்பும் பச்சையுமா கிரேயான் தேச்சிருப்பா, அதுக்கு மேல கறுப்பு பெயின்ட், பெயின்ட்ல ஒரு சொட்டு பாத்திரம் கழுவற சோப்பு கலந்தா மெழுகு மேல கூட ஒட்டிக்கும். காய நாள் ஆகும்னு சில டீச்சருங்க வீட்டுக்குக் குடுத்தனுப்பறது உண்டு, இல்ல அவளே ஆசையா எடுத்துட்டு வந்திருப்பா. நீங்க கீறிடாதீங்க, அவகிட்ட ஒரு அம்பது சென்ட் காசைக் குடுத்து, ஓரத்துல ஒரு கோடு கீறச் சொல்லுங்க. என்ன கலர் வந்துச்சுன்னு இங்க வந்து சொல்லுங்க, வரலன்னாலும் சொல்லுங்க, நான் என் தப்பை ஒத்துக்கறேன்.